எழுநூற்று எழுபத்தொரு புள்ளிகள்

சிவகாசியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பதுதான் முக்கால்வாசி வேலை. நான் டிசைனர். பூச்சட்டி, சங்குசக்கரம், கம்பி மத்தாப்பு என்று பெட்டிக்குப் பெட்டி மயிலும் புலியும் சிரிக்கிற குழந்தையுமாகப் படம் செய்து பக்கத்து அறைக்கு அனுப்புவேன். அங்கே பிளேட் மெஷின் இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை அலுமினியத் தகட்டில் ஒளியால் பதித்துத் தரும். ஒரு படத்துக்கு நான்கு நிறம், நான்கு தகடு. தகடு வந்தால்தான் அச்சு ஓடும்.

அந்த மெஷினை எங்கள் முதலாளி வெளிநாட்டிலிருந்து பழைய சரக்காக இறக்கியிருந்தார். மெஷினோடு ஒரு கார்டு வந்தது. கம்ப்யூட்டருக்குள் அந்தக் கார்டைச் செருகினால்தான் மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கும். கார்டு உட்காரும் பள்ளம் இப்போது விற்கிற புது மதர்போர்டு எதிலும் கிடையாது. பள்ளம் உள்ள பழைய போர்டுகள் இரண்டை வாங்கி மாட்டிப் பார்த்தோம். கார்டு வேலை செய்யவில்லை. பதினைந்து வயதான ஒரே ஒரு போர்டோடுதான் அதற்கு ஒத்துப்போனது. டிசைனைப் புள்ளிகளாகப் பிரித்துக்கொடுக்கும் சாஃப்ட்வேரும், நாங்கள் அதை ரிப் என்போம், அந்தக் கார்டு இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டுமே திறக்கும். மெஷினைச் செய்த கம்பெனி மூடிப் பல காலம் ஆகிவிட்டது. கேட்க ஆளில்லை.

ஆனி மாதத் தொடக்கத்தில் தாயில்பட்டி கம்பெனி ஒன்றிலிருந்து கிஃப்ட் பாக்ஸ் ஆர்டர் வந்தது. ஐந்து அளவுகளில் பெட்டி. மூடி முழுக்க இருட்டு வானம், அதில் வெடித்துச் சிதறும் ஆயிரக்கணக்கான வண்ணப் பொறிகள். நான்தான் வரைந்தேன். ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி ஒளி கொடுத்திருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது, அது ரிப்புக்குள் போகிற வரைக்கும். ஒரு மூடி வெளியே வர நாற்பது நிமிடம். நடுவில் ஒருமுறை கம்ப்யூட்டர் உறைந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து நாற்பது நிமிடம்.

பிளேட் மெஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் பிளேட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். மெஷின் வந்த நாளிலிருந்து அதோடு இருப்பவர். திரையில் சதவீதம் முப்பத்தொன்றில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "என்ன தாயி, பொறிய எண்ணி எண்ணி வச்சியா?" என்றார். "எம்புட்டு நேரமா இங்கனயே நிக்கிது!"

தாயில்பட்டி கம்பெனி மேனேஜர் காலையும் மாலையும் போன் செய்தார். "அம்மா, உள்ள சரக்கெல்லாம் ரெடியா இருக்கு. பெட்டிதான் மொட்டையா கெடக்கு. லேபிள் வருமா வராதா, ஒரு வார்த்தை சொல்லீருங்க."

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை என்னையும் பிளேட் அண்ணனையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"இந்த மெஷின வச்சு இனி இழுக்க முடியாது. சீசன் போயிரும். ஆடி பொறக்கவும் பிளேட்ட வெளிய குடுத்துருவோம். அவங்களே டிசைனும் போட்டுத் தாராக. நீங்க கட்டிங்ல இருந்துக்கோங்க," என்று பிளேட் அண்ணனிடம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன செய்யிறதுன்னு யோசிக்கிறேம்மா," என்றார்.

யோசிக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் காலேஜ் இரண்டாம் வருஷத்தோடு நின்றவள். கல்யாணமாகி அச்சங்குளத்துப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு வந்து, மக்காச்சோளக் காட்டில் இரண்டு வருஷம் நின்றுவிட்டு, சாத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிசைன் படித்து, அதற்கப்புறம் பஸ் ஏறி இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அந்த நாற்காலியைச் சும்மா விட்டுக்கொடுக்க மனசில்லை.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டர மட்டும் வேகமாக்கிட்டா?"

"விருதுநகர்ல இருந்து ஆளக் கூட்டிட்டு வந்து பாத்தாச்சுல்ல?"

ஆமாம், வந்தார். சர்வீஸ் இன்ஜினியர். போர்டைத் திறந்து, தூசி ஊதி, கணினியின் மூளையான ப்ராசசரைக் கழற்றிப் பார்த்தார். "மேடம், இது ரெண்டு கோர், அதாவது ரெண்டு ஆள் வேலை செய்யுற மாதிரி உள்ள சின்னப் ப்ராசசர். இந்தப் போர்டு தாங்குற நாலு கோர் இருக்கு. ஆனா இப்ப எங்கயும் கிடைக்காது," என்றார். தன் கடைப் பெட்டியிலிருந்து தேடி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அது எப்போதோ செத்துப்போனது. "இத நீங்களே வச்சுக்கோங்க, சாவிக்கொத்துல மாட்டிக்கலாம்," என்று மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பித்தேன். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனாலும் தேவை இருந்தால் எழுத்துக்கூட்டுவதும் வேகமாகத்தான் நடக்கிறது. மூன்றாம் நாள், எந்த ஊர்க்காரரோ தெரியாது, ஒருவர் எழுதிவைத்திருந்ததைப் படித்தேன். எங்கள் போர்டு வெளிவந்த அதே காலத்தில் பெரிய கம்பெனிகளின் சர்வர்களுக்கென்று வேறொரு ப்ராசசர் செய்தார்களாம். நான்கு கோர். உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் போர்டில் உட்காரக் கூடாது என்று மூன்று இடத்தில் வித்தியாசம் வைத்திருந்தார்கள்.

ஒன்று, ப்ராசசரின் ஓரத்தில் வழிகாட்டிக்கு இருக்கும் இரண்டு சின்ன வெட்டுகள் வேறு இடத்தில் இருக்கும். அதனால் எங்கள் போர்டின் சாக்கெட்டில் இறங்காது. இரண்டு, அதன் அடிப்பக்கத்தில் எழுநூற்று எழுபத்தொரு தங்கப் புள்ளிகள். எங்கள் சாக்கெட்டில் எழுநூற்று எழுபத்தைந்து ஊசிகள். கூடுதல் நான்கும் பெரிய விஷயமில்லை. ஆனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டு இடம் மாறியிருக்கும். அதை நேராக்க, குறுக்கே இணைப்பு ஓடுகிற ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். மூன்று, போர்டு கண் விழித்ததும் முதலில் படிக்கும் பயாஸ் என்ற நிரலுக்கு இந்தப் ப்ராசசர் யாரென்று தெரியாது. அதில் இதைப் பற்றிய குறிப்பைச் சேர்த்து எழுத வேண்டும்.

படித்து முடித்தபோது பஸ் என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டது. இறங்கி நடந்தேன். நடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு புள்ளியை அதனதன் இடத்தில் உட்காரவைப்பதுதான் வேலையென்றால், பத்து வருஷமாக நான் வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன்? நான்கு நிறத்துப் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுகிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பதுதானே என் பிழைப்பு?

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் மக்காச்சோளத்துக்கு உரம் வைத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "கெட்டுப்போச்சுன்னா?" என்றார்.

"ப்ராசசர் கெட்டா வேற வாங்கலாம். போர்டு கெட்டா மெஷினே போச்சு."

"அப்ப போர்டுல கை வைக்காம செய்ய வழி இருக்கா பாரு."

அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த ஒரு வரிதான் எனக்கு வழியைக் காட்டியது. நான் படித்த இடங்களிலெல்லாம் பெரும்பாலோர் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மேட்டைத்தான் பிளேடால் சீவியிருந்தார்கள். பிளேடு ஒருமுறை நழுவினால் கீழே இருக்கும் ஊசிகள் மடங்கிவிடும். ஒரு சிலர் மட்டும் சாக்கெட்டைத் தொடாமல், ப்ராசசரின் ஓரத்திலேயே புதிதாக இரண்டு வெட்டு அராவியிருந்தார்கள். பயாஸ் எழுதியிருக்கும் சின்னச் சில்லையும், சிப் என்பார்களே, எங்கள் போர்டில் கழற்றி மாட்ட முடியும். வெற்றுச் சில்லு ஒன்றை வாங்கி அதில் எழுதினால் பழையது பத்திரமாக இருக்கும். ஆகவே போர்டில் ஒரு கீறல் விழாமல் எல்லாவற்றையும் செய்யலாம்.

மதுரையில் பழைய சர்வர்களை உடைத்து விற்பவர் ஒருவர் கிடைத்தார். போனில் கேட்டதும், "அந்தக் காலத்து சர்வர் ப்ராசசரா? வேணுங்கிற மட்டும் அள்ளிக்கோங்க," என்றார். இரண்டு வாங்கினேன். கூடவே ப்ராசசரின் சூட்டை இழுக்க, செம்பு அடி வைத்த பெரிய ஹீட் சிங்க் ஒன்று. ஸ்டிக்கர் மூன்றும், வெற்றுச் சில்லும், சில்லில் எழுதும் விரலளவுக் கருவியும் தபாலில் வந்தன.

வெட்டு அராவுவதற்கு ஊசி போன்ற அரம் வேண்டும். எங்கள் பெட்டிகளை வெட்டும் டை செய்கிறவர் அச்சகத்துக்கு எதிர்ப் பக்கம்தான் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். ப்ராசசரைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இரும்பு இல்ல. நாரு மாதிரி பிரியும். ஒரு பக்கமாவே அராவுங்க, முன்ன பின்ன இழுக்காதீக," என்று சொல்லி இரண்டு அரங்களை எடுத்துக் கொடுத்தார்.

முதலில் சர்வீஸ் இன்ஜினியர் போட்டுவிட்டுப் போன செத்த ப்ராசசரில் பழகினேன். சாப்பாட்டு நேரத்தில், டிபன் பாக்ஸை மூடிவைத்துவிட்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. அதன் ஓரத்தில் ஏழு வெட்டுப் போட்டேன். முதல் நான்கும் கோணல். ஏழாவது, அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. அதன்பிறகு நல்லதை எடுத்தேன். இரண்டு வெட்டு. இரண்டையும் லென்ஸில் பார்த்தேன். உள்ளே ஓடும் செம்புக் கோட்டுக்கு இன்னும் இடைவெளி இருந்தது. நிம்மதியாக மோரைக் குடித்தேன்.

எல்லாவற்றையும் ஒரு மிட்டாய் டப்பாவில் அடுக்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். மேசையில் ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எதற்கு எது என்று சொன்னேன். அவர் ப்ராசசரைத் தொடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது வேல செஞ்சா எம்புட்டு மிச்சமாகும்?"

"நாப்பது நிமிசம் பதினஞ்சுக்குள்ள வரணும் அண்ணாச்சி."

"செய்யலன்னா?"

"பழைய ப்ராசசர், பழைய சில்லு, ரெண்டையும் திருப்பி மாட்டீருவேன். போர்டுல ஒரு கீறல் இருக்காது."

கொஞ்ச நேரம் மேசையை விரலால் தட்டினார். "ஞாயித்துக்கிழம ஒரு நாள். திங்கக்கிழம காலைல மெஷின் ஓடணும். எப்படியாவது ஓடணும்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அச்சகத்தைத் திறந்தோம். சாவி பிளேட் அண்ணனிடம்தான் இருந்தது. வீட்டிலிருந்து இருக்கன்குடி கோயில் திருநீற்றை மடித்து எடுத்துவந்து மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் பூசினார். என் நெற்றிக்கும் ஒரு கோடு. "எனக்கு நம்பிக்கை இல்ல தாயி. ஆனா நீ தோத்துறக் கூடாது," என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

சில்லில்தான் தொடங்கினேன். பழைய நிரலைப் பிரதி எடுத்து, அதில் புதுப் ப்ராசசரின் குறிப்பைச் சேர்ப்பதை முந்தின வாரமே வீட்டில் செய்து வைத்திருந்தேன். புதுச் சில்லைப் போர்டில் மாட்டி, பழைய ப்ராசசரை அப்படியே வைத்துக்கொண்டு ஆன் செய்தேன். திரை வந்தது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் தப்பு எங்கே என்று தெரியாது. ஆகவே இது முதல் படி. ஏறியாயிற்று.

அடுத்து ஸ்டிக்கர். ஒரு அரிசியில் பாதி இருக்கும். சாமணத்தால் பிடித்து, லென்ஸை ஒரு கண்ணில் இடுக்கி, இரண்டு புள்ளிகளின்மேல் இறக்கினேன். ப்ராசசரைச் சாக்கெட்டில் வைத்தேன். நான் அராவிய வெட்டுகள் பிளாஸ்டிக் மேடுகளில் சரியாகப் போய் உட்கார்ந்தன. அந்த இறங்கல் விரலுக்குத் தெரிந்தது. ஹீட் சிங்கை மாட்டி, ஸ்விட்ச் போட்டேன்.

காற்றாடி சுற்றியது. திரை கறுப்பு.

அரை நிமிடம் காத்திருந்தேன். கறுப்பு. அணைத்துவிட்டுக் கழற்றி லென்ஸில் பார்த்தேன். ஸ்டிக்கர் நகர்ந்திருந்தது. ஒரு பக்கமாக மட்டும், முடியளவு. அச்சில் இப்படி நகர்ந்தால் குழந்தையின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். "ரெஜிஸ்டர் அவுட் அண்ணே," என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. "அப்ப மூலையப் பிடி. நடுவப் பாக்காத," என்றார்.

அது நாங்கள் பிளேட்டில் செய்வதுதான். நடுவில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். இரண்டாவது ஸ்டிக்கரை மூலையில் பிடித்தேன். மேலிருந்து ஒரு பார்வை, பக்கவாட்டில் ஒரு பார்வை. அவர் செல்போன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தார். இம்முறை விளிம்பு விளிம்போடு பொருந்தியது. மாட்டினேன். ஸ்விட்ச்.

காற்றாடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது, நின்றது. திரை கறுப்பு.

சரி, பழையதை மாட்டி ஆசுவாசப்படுவோம் என்று பழைய ப்ராசசரை எடுத்துப் போட்டேன். அதற்கும் அதே சுற்றல், அதே நிற்றல். அதே கறுப்பு.

பிளேட் அண்ணன் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். போர்டில் ஒரு கீறல் இருக்காது என்று அண்ணாச்சியிடம் சொன்னது நான். கீறல் இல்லை, ஆனால் உயிரும் இல்லை. வெளியே ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரைக்கும் அசையாமல் இருந்தேன்.

பிறகு ஒவ்வொன்றாக யோசித்தேன். காலையில் இதே சில்லில் இதே பழைய ப்ராசசர் ஓடியது. நடுவில் என்ன மாறியது? சாக்கெட் ஊசிகளை லென்ஸில் வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் ஒரே சாய்வில் நின்றன. மாறியது ஒன்றுதான். முதல் முறை தப்பாக ஓட்டியபோது போர்டு ஏதோ ஒன்றை மனதில் பதிந்துகொண்டுவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரிதான் அந்த நினைவைக் காப்பாற்றுகிறது.

"அண்ணே, டீ சாப்பிட்டு வருவோம்."

"இப்பயா?"

"இப்பத்தான்."

பேட்டரியைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, மின்சார வயரையும் கழற்றிவிட்டு, முக்குக் கடைக்குப் போனோம். வடை எடுத்தார். நான் டீ மட்டும் குடித்தேன். திரும்பி வந்து பேட்டரியைப் போட்டேன். பழைய ப்ராசசரோடு ஸ்விட்ச் தட்டினேன்.

திரை வந்தது.

"உசுரு வந்துருச்சு தாயி!" என்றார். "போதும். இதோட நிறுத்திக்கிருவோமா?"

எனக்கும் ஒரு கணம் அப்படித் தோன்றியதை மறைப்பானேன். ஆனால் இப்போது எனக்கு அந்தப் போர்டைத் தெரியும். அது எங்கே முரண்டு பிடிக்கும், எப்படிச் சமாதானமாகும் என்று தெரியும். "இன்னும் ஒரு தடவண்ணே," என்றேன். மறுபடி பேட்டரியை எடுத்தேன். ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தேன். சர்வர் ப்ராசசரை இறக்கினேன். ஹீட் சிங்க். பேட்டரி. வயர். ஸ்விட்ச்.

காற்றாடி சுற்றியது. நிற்கவில்லை. ஒரு பீப் சத்தம். திரையின் மேல் மூலையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. அந்தப் போர்டு செய்தவர்கள் எந்தப் பட்டியலிலும் எழுதாத ப்ராசசரின் பெயர். அதன் பக்கத்தில் நான்கு.

நான் கத்தினேனா, அவர் கத்தினாரா என்று சரியாக நினைவில்லை. எதிர்ப் பட்டறையிலிருந்து டை செய்கிறவர் ஓடிவந்து கதவருகே நின்று, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்று கேட்டதுதான் நினைவிருக்கிறது. "நாலு வந்துருச்சு!" என்று பிளேட் அண்ணன் அவரைப் பிடித்து உலுக்கினார். என்ன நாலு என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சேர்ந்து சிரித்தார்.

சூடு ஏறுகிறதா என்று அரை மணி நேரம் பார்த்தேன். செம்பு ஹீட் சிங்க் தாங்கியது. கார்டு தன் பச்சை விளக்கைப் போட்டது. ரிப் திறந்தது. தாயில்பட்டிப் பெட்டியின் மூடியை, அந்த ஆயிரம் பொறிகளை, உள்ளே அனுப்பினேன். முன்பெல்லாம் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். இப்போது நான்கு நிறமும் நான்கு கோரில் ஒரே நேரத்தில் ஓடின. முப்பத்தொன்று சதவீதத்தைக் கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் பிளேட் மெஷின் உறுமிக்கொண்டு தகடு கேட்டது. பிளேட் அண்ணன் தகடு எடுக்க ஓடினார். ஐம்பது வயது ஆள் அந்தச் சின்ன அறைக்குள் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

போனில் சொன்னதும் அண்ணாச்சி உடனே புறப்பட்டு வந்தார். மதியச் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்திருப்பார் போல, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான்கு தகடுகளும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. லென்ஸை வாங்கி நான்கையும் மூலை மூலையாகப் பார்த்தார். அவரும் மூலையைத்தான் பார்ப்பார்.

"இன்னொரு தடவ ஓட்டு. நான் நின்னு பாக்கணும்."

ஓட்டினேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு நிமிடம். கடிகாரத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு, போனை எடுத்துத் தாயில்பட்டிக்கு அடித்தார். "லேபிளா? புதன்கிழம மொத லோடு வந்துரும். ... ஆமா, அஞ்சு சைசும்தான். ... இல்லல்ல, வெளிய குடுக்கல. நம்ம புள்ள இங்கனயே சரி பண்ணீருச்சு."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாப்பிட்டீகளா ரெண்டு பேரும்?" என்றார். பத்து வருஷத்தில் என்னை அவர் பன்மையில் கேட்டது அதுதான் முதல் தடவை, பிளேட் அண்ணனையும் சேர்த்துத்தான் கேட்டார் என்றாலும். வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்தார். பிளேட் அறையில் தரையில் பேப்பர் விரித்து மூன்று பேரும் சாப்பிட்டோம்.

புதன்கிழமை லோடு போனது. தாயில்பட்டி மேனேஜர் போன் செய்து, "அம்மா, பெட்டி கண்ணப் பறிக்கிது. வானம் அப்படியே இருக்கு," என்றார். அந்தச் சீசனில் பிளேட் அறை ஒரு நாளும் நிற்கவில்லை. வெளியே கொடுக்கும் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. பொறிகளைக் குறைத்து வரை என்று என்னிடம் யாரும் சொல்லவுமில்லை. நான் கூட்டித்தான் வரைந்தேன்.

விஷயம் சிவகாசிக்குள் பரவ எத்தனை நாள் ஆகும்? இதே மாதிரிப் பழைய மெஷின் வைத்திருந்த அச்சகங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தன. அண்ணாச்சியே, "போய்ச் செஞ்சு குடும்மா, நம்ம பேருதான்," என்று அனுப்பினார். இரண்டாவதாகச் செய்த போர்டு முதல் ஸ்விட்சிலேயே ஓடியது. மூன்றாவது போர்டு எதற்கும் மசியவில்லை. அவர்களுடைய பயாஸில் குறிப்பைச் சேர்க்க இடமே இல்லை. பழையதைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, முடியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் செய்த இரண்டும் இன்றுவரை ஓடுகின்றன. விருதுநகர் சர்வீஸ் இன்ஜினியர் ஒருநாள் போன் செய்து, அந்த ஸ்டிக்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். சொன்னேன். மூலையைப் பார்த்து ஒட்டச் சொன்னேன்.

தை மாதத்தில் ஒரு நாள், விருதுநகரில் பருப்பு மில்லுக்குப் பை அச்சடிக்கும் ஒருவர் தன் கம்ப்யூட்டரைக் காரில் வைத்துக் கொண்டுவந்தார். நான் என் இடத்தில் அடுத்த சீசனுக்கான புது டிசைனில் இருந்தேன். அவர் வாசலில் நின்று பிளேட் அண்ணனிடம், "இங்கன ப்ராசசர் மாத்திக் குடுக்குற இன்ஜினியர் சார் இருக்காராமே, பாக்கணும்," என்றார்.

பிளேட் அண்ணன் என் பக்கம் திரும்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். நான் சொல்லட்டும் என்று நிற்கிறார்.

மவுஸை வைத்துவிட்டு எழுந்தேன்.

"நான்தாங்க. உள்ள கொண்டாங்க, பாப்போம்."